திண்பொருளும் தாள்தளமும்: பொறியியல் வரைபட வீழல் முறைகளின் வரலாறும் கலைச்சொற்களும்

1. முன்னுரை

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவைகளையுடைய ஒரு பொருளை, நீளமும் அகலமும் மட்டுமே உடைய தாளில் எவ்வாறு காட்டுவது என்பது மிகப் பழைய சிக்கல். ஓவியனுக்கு இச்சிக்கல் ஓரளவு எளிது. பார்ப்பவர் பொருளை இனங்கண்டுகொண்டால் அவன் நோக்கம் நிறைவேறிவிடுகிறது. கட்டடம் எழுப்புவோருக்கும் எந்திரம் செய்வோருக்கும் அது போதாது. வரைந்தவர் அருகில் இல்லாத நிலையிலும், வரைபடத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர் அப்பொருளை அளவு பிசகாமல் செய்து முடிக்க வேண்டும். இவ்வகையில் பொறியியல் வரைபடம், எழுதுவோரும் படிப்போரும் நேரில் காணாத ஒரு கடிதத்தை ஒத்தது.

வரைபடத்தைப் பொறியாளரின் மொழி என்று கூறும் வழக்கம் பாடநூல்களில் பரவலாக உண்டு. மொழியியலார் இக்கூற்றை வெறும் உவமையாக ஒதுக்கிவிடுவது இயல்பு. எனினும் வீழல் முறைகளின் வரலாற்றை நோக்குமிடத்து, குறி, குறிகளின் அமைப்பொழுங்கு, மரபு வேறுபாடு, பொருள்மயக்கம் ஆகிய நமக்குப் பழக்கமான செய்திகள் பலவும் அங்கு இடம்பெறக் காண்கிறோம். இக்கட்டுரை அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் பிறந்த சொற்களின் பொருளடிப்படையை விளக்கி, அவற்றைத் தமிழாக்கும்போது எழும் இடர்ப்பாடுகளை ஆராய முற்படுகிறது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் வழங்கும் 'வீழல்' என்னும் சொல்லே இங்குப் பொதுச்சொல்லாகக் கொள்ளப்படுகிறது. அச்சொல்லின் தகுதிப்பாடு ஆறாம் பகுதியில் ஆராயப்படும்.

2. காலடித் தடமும் நிமிர்வும்

கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூல், வரைபடங்களை மூன்றாக வகுக்கிறது. அவை இக்னோகிராபியா, ஆர்த்தோகிராபியா, சீனோகிராபியா என்பன. மூன்றும் கிரேக்கச் சொற்கள். 'இக்னோஸ்' என்பது காலடித் தடம். கட்டடம் தரையில் பதிக்கும் தடமே முதல் வகைப் படம். 'ஆர்த்தோஸ்' என்பது நிமிர்ந்தது. எழுந்து நிற்கும் முகப்பின் படம் இரண்டாவது. 'ஸ்கேனே' என்பது நாடக அரங்கின் பின்புலம். முன்புறமும் பின்வாங்கிச் செல்லும் பக்கங்களும் சேர்ந்து தோன்றும் படம் மூன்றாவது.

இவற்றுள் ஆர்த்தோகிராபியா என்னும் சொல்லின் பிற்கால வரலாறு மொழியியலார்க்குச் சுவை பயப்பது. 'ஆர்த்தோஸ்' என்பதற்கு நிமிர்ந்தது, திருத்தமானது என இரு பொருளும் உண்டு. திருத்தமான எழுத்து என்னும் பொருளில் அது எழுத்துக்கூட்டு முறையின் பெயராயிற்று. நிமிர்ந்த வரைவு என்னும் பொருளில் அது முகப்புப் படத்தின் பெயராயிற்று. பின்னர், தளத்திற்குச் செங்குத்தாக வரும் கோடுகளால் பெறப்படும் எல்லாப் படங்களுக்கும், தரைப்படம் உட்பட, அதுவே பொதுப்பெயராக விரிந்தது. விட்ருவியஸ் வேறாகப் பிரித்து வைத்த தரைப்படத்தை, முகப்புப் படத்தின் பெயரே உள்ளடக்கிக்கொண்டது எனலாம்.

பிற மொழிகள் வேறு வழிகளைப் பின்பற்றின. ஜெர்மன் மொழியில் தரைப்படம் 'குருண்ட்ரிஸ்' எனவும் முகப்புப் படம் 'அவுஃப்ரிஸ்' எனவும் வழங்குகின்றன. இரண்டிலும் ஈறாக வரும் 'ரிஸ்' என்பது கீறல் என்னும் பொருளுடைய சொல். ஆங்கிலத்தில் 'பிளான்' என்பது தட்டையான தளம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தும், 'எலிவேஷன்' என்பது உயர்த்துதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தும் வந்தவை. ஒரே படத்தை ஒரு மொழி தடமாகவும், ஒரு மொழி கீறலாகவும், ஒரு மொழி தளமாகவும் கண்டிருக்கிறது.

மறுமலர்ச்சிக் காலத்தில் இத்தாலிய ஓவியர்கள் கண்ணோக்கு வரைவை ஒழுங்குபடுத்தினர். ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூல் அதன் இலக்கணத்தைத் தெளிவாக வகுத்தது. தொலைவில் உள்ளது சிறுத்தும் அருகில் உள்ளது பெருத்தும் தோன்றும் இம்முறை கண்ணுக்கு இயல்பானது. ஆனால் அதிலிருந்து அளவெடுத்தல் எளிதன்று. இதனை உணர்ந்த ஆல்பர்ட்டியே, தம் கட்டடக்கலை நூலில், ஓவியனின் வரைவு வேறு, கட்டடக் கலைஞனின் வரைவு வேறு எனப் பிரித்துரைத்தார். உண்மை அளவுகளைத் தரும் தரைப்படத்தையும் முகப்புப் படத்தையுமே பின்னவர் நாட வேண்டும் என்பது அவர் கருத்து. 1519ஐ ஒட்டி, ராஃபேல் பெயரால் போப் பத்தாம் லியோவுக்கு எழுதப்பட்ட கடிதமும், தரைப்படம், வெளிச்சுவர்ப் படம், உட்சுவர்ப் படம் என மூன்றைப் பரிந்துரைத்தது. கண்ணுக்கு உண்மையானது, அளவுக்கு உண்மையானது என்னும் இரண்டும் இவ்வாறு பிரிந்தன.

3. கல்தச்சரின் கோடும் மோன்ழின் வடிவியலும்

தரைப்படமும் முகப்புப் படமும் நெடுங்காலம் அருகருகே வைக்கப்பட்ட இரு தனிப்படங்களாகவே இருந்தன. இரண்டுக்கும் இடையிலுள்ள கணிதத் தொடர்பை முதலில் தேடியவர்கள் ஐரோப்பியக் கல்தச்சர்கள். வளைவுக் கூரையில் அமையும் ஒவ்வொரு கல்லும் ஏற்றப்படுவதற்கு முன்பே உரிய சரிவுகளுடன் செதுக்கப்பட வேண்டும். எனவே கல்லின் உண்மை வடிவை இரு படங்களிலிருந்து வருவித்தறியும் நுட்பம் தேவைப்பட்டது. பிரான்சில் ஃபிலிபேர் தெலோர்ம் 1567இல் வெளியிட்ட நூலும், தெசார்க் 1640இல் வெளியிட்ட கல்வெட்டு முறை பற்றிய நூலும், ஃபிரேசியே 1737 முதல் 1739 வரை வெளியிட்ட தொகுதிகளும் இந்நுட்பத்தைப் படிப்படியாகப் பட்டறையிலிருந்து ஏட்டுக்குக் கொண்டுவந்தன.

அதனைத் தனிக்கல்வித் துறையாக்கியவர் காஸ்பர் மோன்ழ் (1746–1818). மெசியேர் நகரிலிருந்த அரசப் படைப்பொறியியல் பள்ளியில் அவர் முதலில் வரைவாளராகப் பணியாற்றினார். எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் உட்படாதவாறு கோட்டைச் சுவர்களின் உயரத்தை வகுக்கும் கணக்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கமான நீண்ட எண்கணக்கை விடுத்து அவர் வடிவியல் வழியில் விரைவாக விடை கண்டார். இத்தனை குறுகிய நேரத்தில் கணக்கு முடிந்திருக்க இயலாது என்று மேலதிகாரி அதனைப் பார்க்கவே மறுத்தார் என்பது அவர் வரலாற்றில் வழங்கும் செய்தி. முறையின் பயன் உணரப்பட்ட பின்னர் அது படைத்துறை மறைபொருளாகக் காக்கப்பட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் நிலைமை மாறியது. 1794இல் தோன்றிய பாலிடெக்னிக் பள்ளியிலும், 1795இல் எகோல் நார்மால் என்னும் ஆசிரியப் பள்ளியிலும் மோன்ழ் இதனை வெளிப்படையாகக் கற்பித்தார். 1799இல் 'விளக்க வடிவியல்' என்னும் நூல் தனியே வெளிவந்தது. முறையின் அடிப்படை எளியது. ஒன்றுக்கொன்று செங்குத்தான கிடைத்தளம், நிலைத்தளம் என இரு தளங்களைக் கொள்க. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரு தளங்களுக்கும் செங்குத்துக் கோடுகள் இடுக. பின்னர் இரு தளங்களும் சந்திக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு ஒரு தளத்தைத் திருப்பி மற்றதனோடு ஒரே சமனாக்குக. இப்போது இரு படங்களும் ஒரே தாளில் அமைந்துவிடுகின்றன. மேலும், ஒரே புள்ளியின் இரு வீழல்களும் அக்கோட்டுக்குச் செங்குத்தான ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. தனித்தனியே கிடந்த இரு படங்களுக்கு இவ்வாறு ஓர் இயைபு விதி கிடைத்தது. அருகருகே கிடந்த சொற்கள் தொடராக இணைந்ததற்கு இதனை ஒப்பிடலாம்.

மோன்ழ் இக்கலையின் பயனைக் கூறுமிடத்து, திட்டத்தை எண்ணுபவர், அதனை நடத்துபவர், உறுப்புகளைச் செய்யும் கைவினைஞர் ஆகிய மூவருக்கும் தேவையான மொழி என்றே அதனைக் குறிப்பிடுகிறார். வரைபடத்தை மொழியாகக் காணும் கருத்து பிற்காலப் பாடநூலாசிரியர்களின் கற்பனை அன்று. துறை பிறந்தபோதே உடன்பிறந்த கருத்து என்பது இதனால் பெறப்படும்.

4. ஃபாரிஷும் சமஅளவு வீழலும்

மோன்ழின் முறையில் ஒரு பொருளை அறிய இரண்டு அல்லது மூன்று படங்களை உள்ளத்தில் ஒருங்கிணைக்க வேண்டும். பயிற்சி இல்லாதவர்க்கு இது கடினம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் (1759–1837) இச்சிக்கலை நேரில் கண்டவர். தொழிற்கலைகள் பற்றிய தம் விரிவுரைகளுக்காக அவர் பொது உறுப்புகளைக் கொண்டு எந்திர மாதிரிகளைப் பூட்டுவித்தார். ஒரு விரிவுரை முடிந்ததும் அவற்றைக் கழற்றி வேறொன்றாகப் பூட்ட வேண்டியிருந்தது. உதவியாளர்கள் பார்த்த அளவில் புரிந்துகொள்ளும் படங்கள் தேவைப்பட்டன. இதற்கு அவர் கண்ட வழி 1822இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது.

பொருளின் மூன்று அச்சுகளும் படத்தளத்தோடு சமகோணத்தில் சாய்ந்திருக்குமாறு பொருளை நிறுத்தினால், தாளில் அவ்வச்சுகள் ஒன்றுக்கொன்று 120 பாகை கோணத்தில் அமையும். மூன்று திசைகளிலும் அளவுகள் ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 0.816 மடங்காகக் குறுகும். எனவே ஒரே படத்தில் மூன்று பக்கங்களும் தெரிவதோடு, மூன்று திசைகளிலும் ஒரே அளவுகோலால் அளக்கவும் இயலும். நடைமுறையில் இக்குறுக்கத்தை விட்டு முழு அளவிலேயே வரைவதும் உண்டு. பாடநூல்கள் முன்னதைச் சமஅளவு வீழல் என்றும், பின்னதைச் சமஅளவு வரைபடம் என்றும் வேறுபடுத்துகின்றன. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தால் அளவு வேறுபாடே மறைந்துவிடும்.

ஃபாரிஷ் தம் முறைக்கு இட்ட பெயர் சமஅளவுக் கண்ணோக்கு என்பதாகும். உண்மையில் இம்முறையில் கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதில்லை. இணைகோடுகள் இணையாகவே நிற்கின்றன. கண்ணோக்கு வரைவின் இலக்கணம் இதற்குப் பொருந்தாது. புதிய பொருளுக்குப் பழைய பெயரை நீட்டி வழங்கும் பொருள்விரிவுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

5. முதற்கோணமும் மூன்றாங்கோணமும்

மோன்ழ் கொண்ட இரு தளங்களும் ஒன்றையொன்று ஊடறுத்து அப்பாலும் நீள்வதாகக் கொண்டால் வெளி நான்கு கோணங்களாகப் பிரிகிறது. பொருளை எந்தக் கோணத்தில் வைப்பது? தளத்தைத் திருப்பிச் சமனாக்கும்போது இரண்டாம், நான்காம் கோணங்களில் இரு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். எஞ்சியவை முதற்கோணமும் மூன்றாங்கோணமும்.

முதற்கோணத்தில் பொருள், பார்ப்பவருக்கும் தளத்துக்கும் இடையில் நிற்கிறது. தாளில் மேலிருந்து நோக்கிய படம் முகப்புப் படத்தின் கீழேயும், இடமிருந்து நோக்கிய படம் முகப்புப் படத்தின் வலப்பக்கத்திலும் அமையும். மூன்றாங்கோணத்தில் தளம், பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையில் கண்ணாடிபோல் நிற்கிறது. மேலிருந்து நோக்கிய படம் மேலேயும், இடமிருந்து நோக்கிய படம் இடப்பக்கத்திலும் அமையும். இங்கு வற்புறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரு முறைகளிலும் கிடைக்கும் தனித்தனிப் படங்கள் ஒன்றே. வேறுபடுவது அவை தாளில் நிற்கும் இடம் மட்டுமே. மொழியியல் நோக்கில் கூறினால், சொற்கள் பொதுவாக இருக்கச் சொல்வரிசை மட்டும் மாறிய இரு கிளைமொழிகள் இவை.

முதற்கோண முறை ஐரோப்பாவில் வேரூன்றியது. அமெரிக்காவில் விளக்க வடிவியலைப் பரப்பியவர்களுள் ஒருவர், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய குளோட் குரோசே. அவர் வெஸ்ட் பாயிண்ட் படைப்பள்ளியில் 1816 முதல் கற்பித்து, 1821இல் ஆங்கிலத்தில் பாடநூல் வெளியிட்டார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பட்டறைகள் மூன்றாங்கோண முறைக்கு மாறிவிட்டன.

இந்தியாவின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. 1955இல் வெளியாகி 1960இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 696 என்னும் இந்தியத் தரநெறி மூன்றாங்கோண முறையைப் பரிந்துரைத்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த இரண்டாம் திருத்தம் தேர்வைப் பயன்படுத்துவோரிடமே விட்டது. இந்தியத் தர நிறுவனம் பள்ளி, கல்லூரிகளுக்காக 1988இல் வெளியிட்ட எஸ்.பி. 46 முதற்கோண முறையைப் பரிந்துரைத்தது. ஒரு தலைமுறைக்குள் மரபு இருமுறை மாறியதால், பட்டறைகளின் பழைய வரைபடங்களில் இரு முறைகளும் கலந்து கிடக்க வாய்ப்புண்டு.

விளைவு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓர் இரும்புத் துண்டில் இடமிருந்து வலமாக ஊடுருவிச் செல்லும் துளை, முகப்பை ஒட்டி அமைய வேண்டும் எனக் கொள்வோம். முதற்கோண முறையில் வரைந்த முகப்புப் படத்தையும் அதன் வலப்பக்கப் படத்தையும் ஒருவர் மூன்றாங்கோண முறையில் படித்தால், துளை பின்புறத்தை ஒட்டி இடப்பட்டுவிடும். முகப்புப் படம் இப்பிழையைக் காட்டிக்கொடுக்காது. இரு நிலையிலும் துளை அங்கு ஒரே உயரத்தில் புள்ளிக்கோடாகவே தெரியும். அளவுகள் அனைத்தும் சரி. பொருள் மட்டும் கண்ணாடிப் பிம்பம். வலக்கைக் கையுறையை எவ்வளவு திருப்பினாலும் இடக்கையுறை ஆகாதது போல, அத்துண்டைப் பின்னர்த் திருத்த வழி இல்லாமலும் போகலாம்.

இதனைத் தவிர்க்கவே நுனி வெட்டப்பட்ட கூம்பின் இரு படங்களைக் கொண்ட ஒரு சிறு குறியீடு வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் இடப்படுகிறது. கூம்பின் சிறுமுனை இடப்பக்கம் நோக்கியிருக்க, வட்டங்கள் அதன் வலப்புறம் இருந்தால் முதற்கோணம். இடப்புறம் இருந்தால் மூன்றாங்கோணம். தான் எந்த இலக்கணப்படி படிக்கப்பட வேண்டும் என்பதை வரைபடமே அறிவிக்கும் குறி இது. 1996இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 5456 தரநெறியின் இரண்டாம் பகுதி இரு முறைகளையும் ஏற்றதோடு, பார்வைத் திசையை அம்பாலும் எழுத்தாலும் சுட்டிப் படத்தை எங்கும் வைக்கும் முறையையும் ஏற்றுக்கொண்டது. இதனை, வரிசையால் உறவு காட்டும் மொழிக்கு வேற்றுமை உருபு சேர்த்ததோடு ஒப்பிடலாம்.

6. வீழல், எறியம், தோற்றம்

'புரொஜெக்‌ஷன்' என்பது முன்னே எறிதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இதற்கு ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் 'எறியம்' என்னும் சொல்லை ஆள்கின்றன. மூலத்தின் வினைப்பொருளை அப்படியே தரும் ஆக்கம் இது. ஆனால் தமிழ்நாட்டு மாணவருக்கு 'எறி' என்னும் அடி இயற்பியலில் வீசப்படும் பொருளை, அதாவது எறிபொருளை, நினைவூட்டும். 'வீழல்' விழுதலை அடியாகக் கொண்டது. தமிழில் நிழல் விழுகிறது, ஒளி விழுகிறது, பார்வை விழுகிறது என்னும் வழக்குகளில் விழுதல் கீழ்நோக்கிய இயக்கத்தை மட்டும் குறிப்பதில்லை. சுவரிலும் நிழல் விழும். எனவே நிலைத்தளத்தில் அமையும் படத்தையும் வீழல் எனல் வழுவன்று.

எனினும் சொல்லின் உள்ளுறைப் படிமம் கற்போர் மனத்தில் வேலை செய்கிறது. விழும் நிழல் பொருளுக்கு அப்பால் உள்ள சுவரில் விழும். இது முதற்கோண முறைக்கு முற்றும் பொருந்துகிறது. மூன்றாங்கோணத்தில் படம் பொருளுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தளத்தில் அமைகிறது. அங்கு நிழல் பொருளுக்கு முன்னே விழ வேண்டியிருக்கும். அதற்குக் கண்ணாடி ஊடாகப் பார்த்தல் என்னும் படிமமே இயையும். 'எறியம்' என்பதிலும், ஆங்கில மூலத்திலும் கூட இதே இடர்ப்பாடு உண்டு. ஆகவே குறை தமிழாக்கத்தினுடையது அன்று. ஒரே சொல் இரு படிமங்களைத் தாங்க நேர்ந்ததனால் வந்தது.

இதற்குத் தீர்வாக ஒரு பாகுபாட்டை முன்வைக்கலாம். புள்ளிகளிலிருந்து தளத்திற்குக் கோடிட்டுப் படம் பெறும் வடிவியல் செயலுக்கு 'வீழல்' என்பதும், அச்செயலால் தாளில் கிடைக்கும் படத்திற்குத் 'தோற்றம்' என்பதும், தோற்றங்களைத் தாளில் வரிசைப்படுத்தும் மரபுக்கு 'அமைப்புமுறை' என்பதும் வழங்கலாம். இவ்வாறாயின் 'முதற்கோண அமைப்புமுறை' என்னும் தொடர், வேறுபாடு படத்தில் இல்லை, வரிசையில்தான் உள்ளது என்பதைப் பெயரிலேயே உணர்த்தும்.

7. மொழிபெயர்ப்பில் கருத வேண்டுவன

மேலிருந்து நோக்கிய படத்தை 'மேற்பார்வை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் கூடாது. அச்சொல் கண்காணித்தல் என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. 'மேல் தோற்றம்' பொருந்தும். 'பிளான்' என்பதைத் 'திட்டம்' எனப் பெயர்ப்பதும் அத்தகைய வழுவே. 'எலிவேஷன்' என்பதற்கு நில அளவையில் உயரம், கணிதத்தில் ஏற்றம், வரைபடத்தில் நிலைப்படம் எனத் துறைதோறும் வேறு சொல் தேவைப்படுகிறது. பேச்சுத்தமிழோ இதற்கு நேர்மாறாக அதன் பொருளைச் சுருக்கியுள்ளது. தமிழ்நாட்டு வீடு கட்டுவோர் வழக்கில் 'எலிவேஷன்' என்பது படத்தைக் குறியாது, வீட்டு முகப்பின் அலங்கார அமைப்பையே குறிக்கிறது. படத்தின் பெயர் பொருளுக்கு ஆகிவந்த ஆகுபெயர் இது.

இவற்றினும் இடர் மிக்கது 'இடப்பக்கத் தோற்றம்' என்னும் தொடர். தொகைநிலையில் நிற்கும் இத்தொடர், பொருளின் இடப்பக்கத்தினது தோற்றம், இடப்பக்கமிருந்து நோக்கிய தோற்றம், தாளின் இடப்பக்கத்தில் உள்ள தோற்றம் என மூவகையாக விரியும். முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றே. மூன்றாவது முதற்கோண வரைபடத்தில் நேர்எதிரானது. வலப்புறம் உள்ள படத்தின் கீழ் இடப்பக்கத் தோற்றம் என்று கண்ட மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் பிழை எனக் கருதித் திருத்திவிடக்கூடும். திருத்தமே பிழையாகும் இடம் அது. 'இடமிருந்து நோக்கிய தோற்றம்' என உருபு விரித்து எழுதினால் மயக்கம் நீங்கும். ஐ.எஸ்.ஓ. தரநெறியின் ஆங்கில வாசகமும் எத்திசையிலிருந்து நோக்கியது என்று விரித்தே கூறுகிறது.

8. முடிவுரை

வரைபடம் மொழியா என்னும் வினாவிற்கு முழு விடை கூறுதல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சுட்டலாம். இயற்கை மொழியில் கூறியது கூறலும் சூழலும் கேட்போரைப் பிழையிலிருந்து காக்கின்றன. வரைபடம் மிகைக் குறிகளைத் தவிர்ப்பதையே இலக்கணமாகக் கொண்டது. ஆதலின் அதில் ஒரு மரபு தவறாகக் கொள்ளப்பட்டால், படிப்போரை எச்சரிக்கும் அடையாளம் பல வேளைகளில் எதுவும் இராது.

இன்று கணிப்பொறி மென்பொருள்கள் முப்பரிமாண வடிவிலிருந்து தோற்றங்களைத் தாமே வரைந்து தருகின்றன. எனினும் எந்தக் கோணமுறை என்னும் தேர்வு அவற்றிலும் ஓர் அமைப்பாக நீடிக்கிறது. பட்டறையில் தாளை விரித்துப் படிப்பவர் இன்றும் அக்கூம்புக் குறியைத் தேடியாக வேண்டும். தொழில்நுட்பக் கையேடுகளைத் தமிழாக்குவோர் சொற்பட்டியலில் நிகர்ச்சொல் தேடுவதற்கு முன், தலைப்புக் கட்டத்தின் குறியை ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும். வரைபடத்தில் இடம், வலம் என்னும் சொற்களின் பொருளை அகராதி தருவதில்லை. அச்சிறு குறியே தருகிறது.